பத்து நிமிட வேலை

முற்றத்தில் மூன்று பேர் நின்றார்கள்: மெக்கானிக் மகேசன், ஜெர்மன் தெரிந்த அந்தோனிப்பிள்ளை, காரின் சொந்தக்காரர் பிராண்ட். நடுவில் ஒரு சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட் இருமிக்கொண்டிருந்தது.

“அவசரப்படாதை தம்பி,” என்றார் அந்தோனிப்பிள்ளை. “தன்ரை கார் சரிவருமட்டும் உன்னை இஞ்சை வைச்சிருக்கச் சொல்லி இவர் மேலிடத்திலை கேக்கிறாராம். இங்கிலாந்திலையிருந்து சாமான் வரவேணும், ஒரு மாதம் செல்லும் எண்டு நான் இவருக்குச் சொல்லுறன். முடிச்சியெண்டால் வியாழக்கிழமையே அனுப்பிப்போடுவாங்கள்.”

“ஓம் அண்ணை.”

பிராண்ட் பெருமையாகச் சொன்னதை அந்தோனிப்பிள்ளை தமிழாக்கினார். “எம்.ஜி. எண்டது ஒக்ஸ்ஃபோர்டிலை மொரிஸ் கார் வித்த கராஜாம். சாதாரண மொரிஸைப் பிரிச்சு மேஞ்சு பந்தயக் காராக்கினவங்களாம். எண்பதிலை ஃபக்டரியை மூடிப்போட்டாங்களாம்.”

மகேசன் பானெட்டைத் திறந்தான். யாழ்ப்பாணத்தில் அவன் கழற்றிப் பூட்டிய மொரிஸ் மைனர் டாக்ஸிகளின் அதே எஞ்சின், இங்கே இரண்டு கார்புரேட்டரோடு இருந்தது.

“எங்கடை மைனரின்ரை எஞ்சினை வைச்சு இப்பிடியொரு குதிரை செய்தவன் மனிசனே இல்லை, தெய்வம் அண்ணை!”

குதிரை மறுபடி விக்கியது. அவனுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் கார்புரேட்டரிலும் வைத்துக் கேட்டுக்கேட்டுத் திருகுகளைத் திருப்பினான். பத்தாவது நிமிடம் எஞ்சின் சுருதி சேர்ந்தது.

“விசரா!” என்று தலையில் அடித்துக்கொண்டார் அந்தோனிப்பிள்ளை.

பிராண்ட் மகேசனைக் கட்டிப்பிடித்தார். பிறகு சீருடைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படுபவர்களை அடைத்துவைக்கும் அறைக்கு அவனை நடத்திப்போய், உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.