சிறைக்கு ஒரு சான்றிதழ்

போலிப் பட்டத்தை வைத்து வெகுகாலம் கணக்கு டீச்சராக இருந்த இந்துமதிக்கு மூன்று வருடச் சிறை. வேன் வரும்வரை பெண் காவலரோடு கோர்ட் வராந்தாவில் நின்றாள். பட்டத்தை வாங்கி வந்தவர் கணவர் தணிகாசலம். பிள்ளைகளோடு ஒருவராவது இருக்கட்டும் என்று அவர் பெயரை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

பக்கத்தில் நின்ற தணிகாசலம் அவள் காதருகே குனிந்தார். “வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். பட்டதாரிங்களுக்கு உள்ள ஏ கிளாஸாம். கட்டில், ஃபேன் எல்லாம் உண்டு. மனு போட்டுடலாமா?”

“எந்தப் பட்டத்தைக் காட்டி?”

“ஒரிஜினலைத்தானே அவங்க எடுத்துக்கிட்டாங்க? ஜெராக்ஸ் வச்சிருக்கேன்டி.”

பையிலிருந்து எடுத்து நீட்டினார். லேமினேஷன் செய்திருந்தார்.

இந்துமதி அதை வாங்கவில்லை. பெண் காவலரிடம் திரும்பினாள்.

“மேடம், இதை யாரு வாங்கியாந்ததுன்னு இப்பச் சொன்னா எழுதிக்குவீங்களா?”