டாக்டரம்மாவின் முகம்

நான்காம் தெருவில் மூன்று பிள்ளைகளுக்குக் காலரா என்று ஆய்வக முடிவு வந்ததும், டாக்டர் மரகதவல்லி தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாவட்டச் சுகாதார அதிகாரியாகப் பதினைந்து வருஷம் அவள் ஏறி இறங்காத வாசல் கிடையாது. ஜனங்கள் அவள்மேல் வைத்த அந்த நம்பிக்கைக்காகத்தான் துறை அவள் முகத்தையும் குரலையும் எழுதி வாங்கிக்கொண்டது. நாலு வருஷமாக ஒரு கணினி நிரல் அந்த முகத்தோடும் குரலோடும் வீட்டுக்கு வீடு செல்போனில் நலம் விசாரிக்கிறது. அவள் நேரில் போக உத்தரவில்லை.

"குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க! காய்ச்சிக் குடிங்க!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

இடுப்பில் ஒரு வயசுக் குழந்தையோடு வந்த பேச்சித்தாய், ரெண்டு வருஷம் முன்னால்தான் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். சிரித்தாள். "டாக்டரம்மா இப்பத்தான் போன்ல சொன்னாவ, தண்ணி நல்லாருக்குன்னு."

"நான்தாம்மா அந்த டாக்டர்!"

உடனே அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். "அந்தச் செய்திய மாத்தணும்னா மேலிட அனுமதி வேணும் மேடம். திங்கக்கிழமை ஆயிரும்" என்றான் எழுத்தர்.

"அதுக்குள்ள எத்தனை பாடை கட்டணும்யா? என் மூஞ்சிய வச்சுக்கிட்டு எனக்கே அனுமதியா?" என்று தெருவே அதிரக் கத்தினாள்.

பேச்சித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாயல் இருக்கத்தான் செய்யுது. ஆனா எங்க டாக்டரம்மா இப்படிக் கத்த மாட்டாவ." பாவம் பார்த்துக் குழாயில் ஒரு செம்பு பிடித்து நீட்டினாள். "இந்தாங்க, குடிச்சிட்டு நிதானமாப் பேசுங்க."

மரகதவல்லி செம்பைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே செல்போனிலிருந்து மரகதவல்லியின் குரலே கனிவாகக் கேட்டது: "பாப்பாவுக்கும் ரெண்டு வாய் குடுங்க தாயி. நல்ல தண்ணிதான்."