ஹெல்மெட் போட்ட சிரிப்பு

சிரிக்காதீங்கப்பா, உங்களத்தான் சொல்றேன். வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு, தெரிஞ்சவனப் பாத்தா "சாப்பிட்டாச்சா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "புள்ளைக்கு எந்தக் காலேஜு"ன்னு கேக்கற கூட்டந்தானே நீங்க? அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான் நம்ம லிஃப்ட் மெக்கானிக்.

அன்னிக்கு ஒரு ஹோட்டல் ஹால்ல கடை போட்டிருந்தாங்க. ஊர்லேர்ந்து வந்த இன்ஜினியரிங் காலேஜுங்க. வரிசையா மேஜை, மேஜைக்கு மேஜை என்.ஆர்.ஐ. கோட்டா சீட்டு. மெக்கானிக் மகளக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டார்.

"இன்னிக்குக் கையெழுத்துப் போடாம வீட்டுக்குப் போறதில்ல."

"அப்பா, நுழைவுத் தேர்வு எழுதியிருக்கேன்ல. ரிசல்ட் வரட்டும். வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு அரசாங்கக் காலேஜ்லயே தனியா இடம் இருக்குப்பா."

"மார்க் வரலேன்னா? ஊரையே மேல ஏத்தி விட்டவன் நான். என் பொண்ணு மட்டும் கீழ நிக்கணுமா?"

அவங்க நின்ன மேஜைக்குப் பின்னால ஆளுயரப் பேனர். மஞ்ச ஹெல்மெட் போட்ட ஒரு பையன், தெத்துப்பல் தெரியச் சிரிக்கிறான். கீழ கொட்டை எழுத்துல, 'எங்கள் மாணவர். இன்று வெளிநாட்டில் இன்ஜினியர்.'

மெக்கானிக் அந்தச் சிரிப்புலயே விழுந்துட்டார். "பாரும்மா, என்ன களை! நீயும் இப்படி நிக்கணும்."

டை கட்டின மேனேஜர் ஓடி வந்தார். "மெக்கானிக்கல்ல கடைசி சீட்டு சார். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு இவன்கிட்ட குடுங்க, இதோ வந்துடறேன்." காதுல போன வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டார்.

'இவன்'னா, மேஜையில நோட்டீஸ் அடுக்கிக்கிட்டு இருந்த ஒரு தடியன். முகமூடி மாட்டியிருந்தான். எந்திரிக்கக்கூட இல்ல.

"பேனா எழுதாது சார்."

"புதுசா இருக்கேப்பா?"

"பாக்கத்தான் புதுசு. எங்க காலேஜ் மாதிரி."

மக 'களுக்'குன்னு சிரிச்சுட்டா. "அண்ணா, வொர்க்‌ஷாப்ல லேத் மெஷின்லாம் இருக்கா?"

"ஓ, இருக்கே. ஜன்னல் வழியா கும்பிட்டுக்கலாம். உள்ள விட மாட்டாங்க."

"சொல்லிக் குடுக்க ஆளு?"

"வருவாங்கம்மா. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு."

மெக்கானிக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. "ஏன் தம்பி, உப்பு போட்டுத்தான் சாப்பிடறியா? சம்பளம் குடுக்கறவன் மேஜையிலயே உக்காந்து அவனையே நக்கல் பண்ற. இதுல மூஞ்சிய வேற மூடிக்கிட்டு!"

"சளி சார்."

"சளி இல்லடா, கொழுப்பு! நீ உருப்படலங்கறதுக்காக என் பொண்ணும் உருப்படக் கூடாதா?"

அவன் ஃபாரத்து மேல உள்ளங்கைய வெச்சு அமுக்கிக்கிட்டான். "இதுல மட்டும் போடாதீங்க சார். திட்டணும்னா இன்னும் நாலு திட்டு திட்டுங்க. இதுல போடாதீங்க."

அதுக்குள்ள மேனேஜர் திரும்பி வந்தார். மெக்கானிக் ஒண்ணு விடாம ஒப்பிச்சார். கேக்கக் கேக்க மேனேஜர் மூஞ்சி மாறிப்போச்சு.

"எழுந்திரிடா. இந்த நிமிஷமே கிளம்பு. நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலை தெரிஞ்சுது, நடக்கறதே வேற!"

'வேணும் இவனுக்கு'ன்னு நினைச்சுக்கிட்டார் மெக்கானிக். சட்டைப் பையிலேர்ந்து சொந்தப் பேனாவ எடுத்து, ஃபாரத்த இழுத்து வெச்சு, முதல் எழுத்த எழுதினார்.

தடியன் கழுத்து அட்டையக் கழட்டி மேஜையில வெச்சான். அழகுக்கு வெச்சிருந்த மஞ்ச ஹெல்மெட்ட எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டான். போய்ப் பேனர் பக்கத்துல நின்னு, முகமூடிய இறக்கினான்.

ஈன்னு இளிச்சான்.

அதே தெத்துப்பல்.

"வெளிநாடு மட்டுந்தான் சார் நிஜம். இன்ஜினியர் பொய். இவங்க காலேஜ்ல ரெண்டாவது வருஷத்தோட ஓடி வந்தவன் நான்."

"டேய்!"னு மேனேஜர் பாஞ்சார்.

மெக்கானிக் கையில பேனா அப்படியே நின்னுடுச்சு. அப்பா விரலுக்கடியிலேர்ந்து மக ஃபாரத்த உருவினா. ரெண்டா கிழிச்சா. "ரிசல்ட்டு வரட்டும்பா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவர் பேனாவ மூடிச் சட்டைப் பையில சொருகினார். பேனரப் பாத்தார், அவனப் பாத்தார்.

"அப்புறம் எதுக்குடா பாவி, இப்படிச் சிரிச்ச?"

"சிரிச்சா காசு தர்றேன்னாங்க சார். சிரிச்சேன்."