இருநூறு குடம்

"மேல இருக்கற தொட்டி எத்தனை லிட்டருங்க?"

வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் சென்னியப்பன் கேட்டார். சோமனூரிலிருந்து மனைவி பாவாத்தாளோடு காலை பஸ்ஸில் கோயமுத்தூர் வந்திருந்தார்.

வீட்டுக்காரர் குப்புராஜ் யோசித்தார். "லிட்டர் கணக்குத் தெரியலீங்க. ரெண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஒசரமுங்க."

"அப்ப மூணு கன மீட்டர். கன மீட்டருக்கு ஆயிரம்னா, மூவாயிரம் லிட்டர்."

"எனக்குக் கொடத்துல சொல்லுங்க" என்றாள் பாவாத்தாள்.

"கொடத்துக்குப் பதினஞ்சு லிட்டர். எரநூறு கொடம் வருது, அம்மணி."

பாவாத்தாள் சமையலறைக் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரில் கையை நீட்டியபடி நின்றாள்.

குப்புராஜுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, வந்ததுல இருந்து தண்ணியவே கேக்கறீங்க. எம் பையன் என்ன படிச்சிருக்கான், எங்க வேலைன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களே? பொண்ணக் குடுக்கறவங்க அதைத்தானுங்களே கேக்கோணும்?"

பாவாத்தாள் குழாயை மூடினாள்.

"எங்கப்பா அதெல்லாம் நல்லாத்தான் கேட்டாருங்க. கெணறு எத்தனை தூரம்னு மட்டும் கேக்கல. கல்யாணமான மறுநாளே கொடத்தோட மேடு ஏறுனேன்."

கணவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊர் பாத்தாச் சிரிக்கும்னு, விடியறதுக்குள்ள இவரே பாதித் தண்ணிய நெரப்பி வெச்சுப்போடுவாருங்க. எல்லாருக்கும் அப்படி வாய்க்குமுங்களா? அதான் தொட்டியக் கேட்டோம்."