கைப்பையில் இருந்த மாத்திரை

பிரபு மறுபடியும் வாந்தி எடுத்தான்.

"என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார் அவசரப் பிரிவு டாக்டர்.

"தலைவலின்னு இவ கைப்பையில இருந்தத என்னன்னு பாக்காம எடுத்து நாலஞ்சு முழுங்கிட்டான் டாக்டரம்மா," என்றாள் அவன் அம்மா பொன்னழகு, மருமகளை முறைத்தபடி.

"அட்டை எங்கே?"

"குப்பைல போட்டுட்டேன்," என்றாள் தமிழ்மதி.

"எதுக்குடி போட்ட? எம்புள்ள உசுருக்கு ஒலை வைக்கிற மாதிரி அப்படி என்னத்த வச்சிருந்த?"

தமிழ்மதி கைப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ரத்தம் லேபுக்குப் போயிருக்கு. ஆனா என்ன மாத்திரைன்னு தெரியாம அவங்க எதைத் தேடுவாங்க? ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தா ஈரல் கெட்டுப்போகலாம். வயித்தைக் கழுவிடுறேன்," என்ற டாக்டர் நர்ஸிடம் கை நீட்டினார். சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் வந்தது. பிரபு மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தான். குழாய் அவன் மூக்கை நெருங்கியது.

"ஐயோ, அவர விட்டுருங்க!" தமிழ்மதி பாய்ந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது புள்ள உண்டாகாம இருக்க நான் போடுற மாத்திரை!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைக் கீழே வைத்தார். "வாந்தியோட போயிடும். பயமில்லை."

பொன்னழகு மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே, ஒனக்கும் தெரியுமா?"

பிரபு மயக்கம் வந்தவன்போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடப்பாவிகளா! பேரனைக் குடுக்கலைன்னு மாசாமாசம் பழனிக்குப் படியேறிப் போயி முருகன வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டு வாரேனே! இனி அவரு முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"