வெளுத்துப்போன ஹீட்டர் கம்பி

புறநகர் வீடொன்றில் வெந்நீர் போடும் செம்பு ஹீட்டர் கம்பி, உப்புத் தண்ணியில் கிடந்து கிடந்து மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது.

"பாத்தியா, எப்படி வெளுத்துட்டேன்!" என்று பக்கெட்டிடம் பீற்றிக்கொண்டது.

"அது நிறமில்லக்கா, உப்பு. எலுமிச்சம்பழத் தோல் வெச்சுத் தேய்ச்சா உதிர்ந்திரும். விட்டா, உள்ள சூடு தங்கி நீ வெடிச்சிருவே."

"தேய்ச்சா பழையபடி மாநிறமாயிடுவேனே! உனக்குப் பொறாமைடி."

முன்பு கால் மணியில் சுட்ட தண்ணி, இப்போது சுட ஒரு மணி நேரம் ஆனது. "இந்த ஏரியாத் தண்ணிக்கே சோம்பேறித்தனம்" என்றது கம்பி.

மறுவாரமே டப்பென்று வெடித்தது. பழைய சாமான் மூட்டைக்குப் போகும்போது, கடையிலிருந்து வந்த மாநிறமான புதுக் கம்பியைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

"கவலப்படாத தங்கச்சி. ஆறே மாசம், நீயும் என்னைப்போல ஆயிடுவே."