ஒன்பது பூச்சு

இது நடந்தது தூத்துக்குடியிலா நாகப்பட்டினத்திலா என்று எனக்கு நிச்சயமில்லை. துறைமுகம் ஒன்று இருந்தது, அது போதும். உப்புக்காற்று ஏறாமலிருக்கக் கான்கிரீட் தூண்களுக்கு அடித்த பூச்சைச் சுரண்டாமலே சோதிப்பது கோமளாவின் வேலை. கருவியைத் தூணில் வைத்தால் எத்தனை பூச்சு, உள்ளே விரிசல் உண்டா என்று அதுவே சொல்லிவிடும். புதிதாக வந்த கருவி பேச்சையும் அளந்தது.

அன்று மாலை அதை அணைக்க மறந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள்.

"ஏங்க, நம்மகூடவே வந்து இருக்கட்டுமான்னு எங்கம்மா கேட்டாங்க."

அவள் கணவன் திருமேனி நெடுநேரம் சோற்றைப் பிசைந்தான். "தாராளமா வரட்டும். எனக்குச் சந்தோஷந்தான்."

"நான்கு பூச்சு. உள்ளே விரிசல்," என்றது கருவி.

கோமளாவுக்குச் சுருக்கென்றது. "பூசி மெழுகாதீங்க! அம்மா வந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

"ஐந்து பூச்சு. உள்ளே விரிசல்."

திருமேனி சிரித்துவிட்டான். அவள் தண்ணீர்ச் செம்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்நேரம் அம்மாவே போனில் வந்தாள்.

"நான் வந்தா உங்க ரெண்டு பேருக்கும் இடைஞ்சலா இருக்காதே?"

"ஐயோ, வாங்க வாங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஒன்பது பூச்சு. கசிவே இல்லை," என்றது கருவி.

அம்மா வந்துவிட்டாள். கருவி அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. மூவரும் நலம்.